கடையில் பார்த்த சோபா வீட்டில் ஏன் பெரிதாகிறது?

ஆடித் தள்ளுபடி விளம்பரம் வந்ததும், அல்லது தை பிறந்து கிரகப்பிரவேசம் முடிந்ததும், குடும்பத்தோடு பர்னிச்சர் கடைக்குக் கிளம்புகிறோம். போகும் வழியில் பேச்சு பட்ஜெட்டைப் பற்றியும் நிறத்தைப் பற்றியும்தான். கடையில் சோபா எடுப்பாகத் தெரிகிறது. உட்கார்ந்தால் மெத்தென்று இருக்கிறது. விலையும் படிகிறது. ஒரு வாரம் கழித்து வீட்டு ஹாலில் இறக்கி வைத்தால் அதே சோபா அறையை அடைத்துக்கொண்டு நிற்கிறது. நிறமும் கடையில் பார்த்த நிறமாக இல்லை. ஐப்பசி மழை தொடங்கியதும் டிராயர் இழுக்க வராமல் அடம் பிடிக்கிறது.

கடைக்காரர் ஏமாற்றிவிட்டார் என்று தோன்றும். பெரும்பாலும் அப்படி எதுவும் நடந்திருக்காது. கடையில் பரப்பு வேறு, கூரை உயரம் வேறு, விளக்கு வேறு, காற்றில் உள்ள ஈரம் வேறு. அங்கே அலமாரியில் சுமை கிடையாது. சோபாவில் யாரும் மூன்று மணி நேரம் உட்காருவதில்லை. பொருள் அதேதான். அது நிற்கும் சூழல் மாறும்போது தோற்றமும் நடத்தையும் மாறுகின்றன. ஆகவே வாங்கப் போகும் முன் செய்ய வேண்டிய உருப்படியான தயாரிப்பு, நம் வீட்டின் சூழலைச் சில எண்களாக்கிக் கையோடு கொண்டுபோவது. அந்த எண்கள் எவை, அவை ஏன் முக்கியம் என்பதற்கு இயற்பியலிலும் வேதியியலிலும் தெளிவான பதில்கள் இருக்கின்றன.

கண் அளக்காது, ஒப்பிடும்

ஒரு பொருளின் அளவை நம் கண் தனியாக எடுத்துப் பார்ப்பதில்லை. சுற்றியிருப்பவற்றோடு ஒப்பிட்டே முடிவு செய்கிறது. பெரிய வட்டங்களுக்கு நடுவே வைத்த ஒரு வட்டம் சிறிதாகவும், சின்ன வட்டங்களுக்கு நடுவே வைத்த அதே வட்டம் பெரிதாகவும் தெரியும். ஜெர்மானிய உளவியலாளர் ஹெர்மன் எப்பிங்ஹாஸ் பெயரால் அறியப்படும் இந்தக் காட்சிப் பிழைதான் ஷோரூமிலும் வேலை செய்கிறது. 14 அடி உயரக் கூரைக்குக் கீழே, எட்டுப் பத்து சோபாக்களுக்கு நடுவே 7 அடி சோபா அடக்கமாகத் தெரியும். 10 அடி அகல ஹாலில் அதுவே சுவரின் பெரும்பகுதியை விழுங்கிவிடும்.

இதற்கு மருந்து இன்ச் டேப். அறையின் நீள அகலத்தை மட்டும் அளந்தால் போதாது. 10 அடிக்கு 12 அடி படுக்கையறையை எடுத்துக்கொள்வோம். 6 அடி அகலம், 6½ அடி நீளம் உள்ள கட்டிலை 10 அடிச் சுவரை ஒட்டித் தலைமாடு வைத்துப் போட்டால் இரு பக்கமும் 2 அடி வீதம் மிஞ்சும். எதிர்ச் சுவரில் 2 அடி ஆழமுள்ள அலமாரி வைத்தால் கட்டிலின் கால்மாட்டுக்கும் அலமாரிக்கும் நடுவே 3½ அடி கிடைக்கும். கேட்பதற்குத் தாராளம்தான். அலமாரியின் கதவு ஒன்றரை அடி அகலம் என்றால், அதைத் திறந்ததும் நடக்க 2 அடிதான் மீதி. ஒருவர் துணி எடுக்கும்போது இன்னொருவர் குறுக்கே போக முடியாது. நகரும் கதவுள்ள அலமாரியா, திறக்கும் கதவா என்பதை அழகு தீர்மானிப்பதற்கு முன்பே இந்த 3½ அடி தீர்மானித்துவிட்டது. சாப்பாட்டு மேசைக்கும் இதே கணக்கு உண்டு. நாற்காலியைப் பின்னுக்கு இழுத்து எழுந்திருக்க மேசை விளிம்பிலிருந்து இரண்டரை முதல் 3 அடி வேண்டும்.

காகிதத்தில் போடும் கணக்கு பலருக்குக் கண்ணில் நிற்காது. வாங்க நினைக்கும் பொருளின் நீள அகலத்தைத் தரையில் சாக்பீஸால் கோடு போட்டுவிட்டு, இரண்டு மூன்று நாள் அந்தக் கோட்டை மிதிக்காமல் வீட்டில் நடமாடிப் பார்க்கலாம். எங்கே இடிக்கும் என்பது தானாகத் தெரிந்துவிடும்.

சோபா திரும்புமா?

அறையில் இடம் இருந்தாலும், அறைக்குள் போய்ச் சேர வழி இருக்க வேண்டும். இது கணிதவியலாளர்களையே அரை நூற்றாண்டுக்கு மேல் திணறவைத்த கேள்வி. 1 மீட்டர் அகலமுள்ள நடைபாதை ஒன்று செங்கோணத்தில் திரும்புகிறது. அந்த மூலையைக் கடந்து தள்ளிச் செல்லக்கூடிய மிகப் பெரிய சோபாவின் பரப்பு என்ன? 1966-இல் லியோ மோசர் என்ற கணிதவியலாளர் இதைக் கேட்டார். 1968-இல் ஜான் ஹேமர்ஸ்லி, பழைய டெலிபோன் ரிசீவர் போன்ற ஒரு வடிவத்தைக் காட்டி 2.2074 சதுர மீட்டர் என்றார். 1992-இல் ஜோசப் கெர்வர் அதன் விளிம்புகளைச் செதுக்கி 2.2195 வரை கொண்டுபோனார். இதற்கு மேல் பெரிதாக்க முடியாது என்பதற்கான நிரூபணத்தைத் தென்கொரியாவின் ஜினியோன் பேக் 2024-இல் நூறு பக்கத்துக்கு மேற்பட்ட ஆய்வுக் கட்டுரையாக வெளியிட்டார்.

நாம் வாங்கும் சோபா செவ்வகம் என்பதால் நம் கணக்கு எளிது. இரு பக்கமும் ஒரே அகலமுள்ள நடைபாதை என்றால், அந்த அகலத்தை 1.414-ஆல் பெருக்கி, அதிலிருந்து சோபாவின் ஆழத்தைக் கழித்து, வருவதை இரட்டிப்பாக்க வேண்டும். படுக்கைவாட்டில் அந்த மூலையில் திரும்பக்கூடிய அதிகபட்ச நீளம் அது. மாடிப்படியின் திருப்பம் 3½ அடி அகலம், சோபாவின் ஆழம் 2¾ அடி என்று வைத்துக்கொண்டால் விடை சுமார் 4.4 அடி. மூன்று பேர் உட்காரும் சோபா 6½ அடிக்குக் குறையாது. படுக்கைவாட்டில் அது திரும்பவே திரும்பாது.

சுமை தூக்குபவர்கள் அங்கே சோபாவைச் செங்குத்தாக நிமிர்த்திவிடுவார்கள். நிமிர்த்திவிட்டால் அது பிடிக்கும் தரை வெறும் 2¾ அடிதான். ஆனால் நிமிர்த்தும்போது ஒரு கணம் சோபாவின் மூலைவிட்டம் மேல்நோக்கி நிற்கும். 6½ அடி நீளம், 2¾ அடி ஆழம் என்றால் மூலைவிட்டம் 7 அடிக்குச் சற்று மேல். படிக்கட்டின் அடிப்பகுதி தலைக்கு மேல் 7 அடியில் இருந்தால் ஓர் அங்குலத்தில் மாட்டிக்கொள்ளும். அதனால் வாசல் நிலையின் உள்ளளவு, படித் திருப்பத்தின் அகலமும் உயரமும், லிஃப்டின் உள்ளளவு ஆகியவற்றையும் குறித்துக்கொள்ள வேண்டும். நம் ஊர் வீடுகளில் இன்னொரு கண்ணி லாஃப்ட். லாஃப்ட் பலகை பெரும்பாலும் 7 அடி உயரத்தில் இருக்கும். அதற்குக் கீழே வைக்க 7 அடி பீரோ வாங்கிவிட்டு, கடைசியில் ஹாலில் நிறுத்தியவர்கள் உண்டு.

மரம் காய்ந்தாலும் ஈரம் குடிக்கும்

வெட்டிய மரம் உயிரற்றது. ஆனாலும் காற்றோடு அதன் கொடுக்கல் வாங்கல் நிற்பதில்லை. மரத்தின் செல் சுவர்கள் செல்லுலோஸால் ஆனவை. செல்லுலோஸ் நீர் மூலக்கூறுகளை ஈர்த்துப் பிடித்துக்கொள்ளும். காற்றில் ஈரம் கூடினால் மரம் கொஞ்சம் குடித்து உப்பும். குறைந்தால் வெளிவிட்டுச் சுருங்கும். காற்றின் ஈரப்பதம் 80 சதவீதம் என்றால் மரம் தன் உலர் எடையில் ஏறத்தாழ 16 சதவீத நீரோடு சமநிலைக்கு வரும். 55 சதவீதம் என்றால் 10 சதவீதத்தை ஒட்டி நிற்கும். வடகிழக்குப் பருவமழைக் காலத்துச் சென்னைக் காற்று முதல் வகை. இரவெல்லாம் ஏசி ஓடும் படுக்கையறை இரண்டாம் வகையை நெருங்கும்.

இந்த 6 சதவீத வித்தியாசம் என்ன செய்யும்? மரம் எல்லாத் திசையிலும் ஒரே மாதிரி அசையாது. நார் ஓடும் நீளவாக்கில் மாற்றம் கணக்கில் எடுக்கத் தேவையில்லாத அளவு. அகலவாக்கில்தான் விளையாட்டு. ஆண்டு வளையங்களைத் தழுவிச் செல்லும் திசையில் உள்ள சுருக்கம், வளையங்களுக்குக் குறுக்கே உள்ள சுருக்கத்தைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு. பச்சைத் தேக்கு முழுக்கக் காயும்போது முதல் திசையில் சுமார் 5.8 சதவீதமும் இரண்டாவதில் சுமார் 2.5 சதவீதமும் சுருங்கும். மரங்களில் இது குறைவான கணக்கு. தேக்குக்கு இருக்கும் மதிப்புக்கு இதுவும் ஒரு காரணம். அப்படிப்பட்ட தேக்கில் செய்த 90 செ.மீ. அகல மேசைப் பலகைகூட, மழைக்காலத்துக்கும் ஏசி அறைக்கும் நடுவே 1 செ.மீ. வரை அசையும்.

பழைய வீட்டுக் கதவுகளைக் கவனித்தால் ஆசாரிகள் இதற்குக் கண்ட தீர்வு தெரியும். நாலு பக்கமும் சட்டம். சட்டத்தின் உட்பக்கம் பள்ளம். அந்தப் பள்ளத்தில் பலகை பசையில்லாமல் செருகப்பட்டிருக்கும். பலகை உப்பினாலும் சுருங்கினாலும் பள்ளத்துக்குள்ளேயே அசைந்துகொள்ளும். சட்டத்தின் அளவு மாறாது. இன்று கட்டில் தலைப்பலகையையோ அலமாரிக் கதவையோ வாங்கும்போது அகலமான மரப்பலகையை நாலு ஓரமும் பசையும் ஆணியும் போட்டு இறுக்கியிருக்கிறார்களா என்று பார்க்க வேண்டும். அசைய இடமில்லாத மரம் விரியவோ வளையவோ செய்யும்.

எங்கே செய்த பொருள் என்று கேட்பதற்கும் இதனால் அர்த்தம் உண்டு. ராஜஸ்தானின் ஜோத்பூர் மரச்சாமான்களுக்குப் பேர் போன ஊர். அங்குள்ள வறண்ட காற்றில் காய்ந்து, அந்த அளவுக்கு இழைத்துப் பொருத்திய ஷீஷம் டிராயர், கடலோர ஊருக்கு வந்ததும் ஈரம் குடித்து உப்பும். டிராயர் இறுகுவதில் மர்மம் ஏதுமில்லை. காற்றின் ஈரப்பதத்தை வைத்து நாட்டை 4 மண்டலங்களாகப் பிரித்து, எந்த மண்டலத்தில் மரம் எவ்வளவு ஈரத்தோடு இருக்கலாம் என்று இந்தியத் தர நிர்ணய அமைப்பே வரையறை வைத்திருக்கிறது. மரத்தில் இரு ஊசிகளைக் குத்தி ஈரத்தைச் சொல்லும் சின்னக் கருவி இருக்கிறது. ஆர்டர் கொடுத்துச் செய்கிறவர்கள் பலகைகளை அதால் சோதித்துக் காட்டச் சொல்லலாம்.

பூச்சியும் இங்கேதான் கணக்கில் வருகிறது. தேக்கின் வைரப் பகுதியில் டெக்டோகுவினோன் போன்ற வேதிப்பொருட்கள் இருப்பதால் கரையான் அண்டத் தயங்கும். அதே மரத்தின் வெளிறிய வெளிப்பகுதியில் அந்தப் பாதுகாப்பு இல்லை. ஆகவே ‘தேக்கு’ என்று பில்லில் எழுதியிருப்பது மட்டும் உத்தரவாதம் ஆகாது. பலகையில் வெள்ளை எவ்வளவு, வைரம் எவ்வளவு என்று பார்க்க வேண்டும். பால் வடிப்பது ஓய்ந்த ரப்பர் மரங்களை 25, 30 வயதில் வெட்டிச் செய்யும் சாமான்கள் மலிவானவை, பார்க்கவும் அழகானவை. ஆனால் ரப்பர் மரத்தில் மாவுச்சத்து அதிகம். அந்த மாவுச்சத்தைத் தேடி வரும் பொடிவண்டுதான் மரத்தை உளுக்கவைத்து மெல்லிய மாவாக உதிர்க்கிறது. போரான் உப்புக் கரைசல் ஏற்றிய ரப்பர் மரமா என்று கேட்பது நியாயமான கேள்வி.

மூன்று பலகைகள், மூன்று குணங்கள்

விற்பனைச் சீட்டில் ‘இன்ஜினியர்டு வுட்’ என்று போட்டிருந்தால் அது மூன்றில் ஒன்றாக இருக்கலாம். மெல்லிய மரத்தாள்களை ஒன்றுக்கொன்று குறுக்காக அடுக்கி ஒட்டியது பிளைவுட். மரத்தை நாராக அரைத்துப் பிசின் சேர்த்து அழுத்தியது எம்டிஎஃப். மரச் சில்லுகளைப் பிசினோடு அழுத்தியது பார்ட்டிகிள் போர்டு. வெளியே மைக்கா ஒட்டிவிட்டால் மூன்றும் ஒன்றுபோலத்தான் தெரியும். கீல் பொருத்திய துளையிலோ, பின்பக்க வெட்டு விளிம்பிலோ பார்த்தால் அடுக்கா, நாரா, சில்லா என்பது புரிந்துவிடும்.

பிளைவுட் அதிகம் அசையாததற்குக் காரணம் அந்தக் குறுக்கு அடுக்கு. ஒரு தாள் அகலவாக்கில் உப்ப முயன்றால், அடுத்த தாளின் நார் நீளவாக்கில் அதை இழுத்துப் பிடித்துக்கொள்கிறது. பார்ட்டிகிள் போர்டின் கதை வேறு. சூட்டிலும் அழுத்தத்திலும் நசுக்கப்பட்ட சில்லுகள் பழைய பருமனுக்குத் திரும்பத் துடித்துக்கொண்டே இருக்கின்றன. பிசின்தான் அவற்றைக் கட்டி வைத்திருக்கிறது. நீர் உள்ளே புகுந்ததும் பிசினின் பிடி தளர, சில்லுகள் நிமிர்ந்து பலகை தடித்துவிடும். மரம் காய்ந்தால் சுருங்கி ஏறத்தாழ பழைய நிலைக்கு வரும். இது காய்ந்தாலும் வராது. தினமும் தண்ணீர் தொட்டுத் தரை துடைக்கும் வீட்டில், தரையில் நேரடியாக உட்காரும் பார்ட்டிகிள் போர்டு அலமாரியின் அடி முதலில் உப்புவது இதனால்தான். கால் வைத்து இரண்டு மூன்று அங்குலம் தூக்கிய அலமாரியும், நாலு விளிம்பும் பட்டை ஒட்டி மூடிய பலகையும் இந்தச் சிக்கலைப் பெருமளவு தவிர்க்கும்.

வாடகை வீட்டுக்காரர்கள் இன்னொன்றையும் யோசிக்க வேண்டும். சில்லுப் பலகையில் ஒருமுறை இறுக்கிய ஸ்க்ரூவைக் கழற்றி அதே துளையில் திரும்பப் போட்டால் பழைய பிடிப்பு வராது. இரண்டு மூன்று வீடு மாறினால் அலமாரி ஆடத் தொடங்கும்.

பிளைவுட்டில் பிசின்தான் தரத்தைப் பிரிக்கிறது. கடைகளில் எம்ஆர் என்று சொல்லும் வகையில் பொதுவாக யூரியா ஃபார்மால்டிஹைடு பிசின். ஈரக் காற்றைத் தாங்கும், தேங்கும் நீரைத் தாங்காது. பிடபிள்யூஆர் வகையிலும் மரைன் வகையிலும் ஃபீனால் ஃபார்மால்டிஹைடு பிசின், கொதிநீரிலும் விடாது. மரைன் பிளைவுட்டுக்கான ஐஎஸ் 710 தரத்தில் பலகையை 72 மணி நேரம் கொதிக்கவைத்துச் சோதிக்கிறார்கள். ஃபீனால் பிசினின் ஒட்டுக் கோடு செம்பழுப்பாக இருக்கும். சாயம் கலந்தும் அந்த நிறத்தைக் கொண்டுவர முடியும் என்பதால் பலகையில் அச்சிட்ட ஐஎஸ் எண்ணையும் ஐஎஸ்ஐ முத்திரையையும் பார்ப்பதே சரி. படுக்கையறை அலமாரிக்கு மரைன் தேவையில்லை; சமையலறைத் தொட்டிக்குக் கீழே எம்ஆர் போதாது. எந்தச் சுவருக்குப் பின்னால் குளியலறை இருக்கிறது, எந்தச் சுவரில் மழைக்காலத்தில் ஈரம் கசிகிறது என்று முன்கூட்டிக் குறித்து வைத்திருந்தால் எங்கே செலவழிப்பது, எங்கே மிச்சம் பிடிப்பது என்பது தெளிவாகும்.

புதிய அலமாரியைத் திறந்ததும் கண்ணைக் கரிக்கும் வாடையும் இந்தப் பிசினிலிருந்து வருவதே. யூரியா பிசின் ஈரத்தாலும் வெப்பத்தாலும் கொஞ்சம் கொஞ்சமாகச் சிதைந்து ஃபார்மால்டிஹைடு வாயுவைக் கசியவிடும். புற்றுநோய் ஆய்வுக்கான சர்வதேச முகமை 2004-இல் இதை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருட்களின் முதல் பிரிவில் சேர்த்தது. வீட்டுக் காற்றில் 1 கன மீட்டருக்கு 0.1 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதல். பலகைகளில் இ1, இ0 என்று காணும் குறியீடுகள் இந்தக் கசிவைத்தான் சொல்கின்றன. இ0 என்றால் கசிவு இன்னும் குறைவு. நம் ஊர் வெப்பமும் ஈரமும் கசிவைக் கூட்டுபவை. குழந்தைகள் அறைக்கு வாங்கும்போது இந்தக் குறியீட்டைக் கேட்க வேண்டும். வாங்கிய பின் சில வாரம் ஜன்னலும் அலமாரிக் கதவும் திறந்தே இருக்கட்டும். கசிவு தொடக்கத்தில்தான் அதிகம்.

புத்தகத் தட்டு ஏன் தொய்கிறது?

புத்தக அலமாரி கடையில் இருக்கும்போது தட்டில் ஒரு பூச்சாடியும் இரண்டு பொம்மைகளும்தான். வீட்டில் 1 மீட்டர் தட்டில் புத்தகங்களை நெருக்கி அடுக்கினால் 30 கிலோ வரை ஏறும். இருபுறமும் தாங்கிய பலகை நடுவில் தொய்யும் அளவு, அதன் நீளத்தின் நான்காம் அடுக்கைப் பொறுத்தது. பருமனின் மூன்றாம் அடுக்குக்கு எதிர்விகிதம். வாய்பாடு சாதாரணமாகத் தெரியலாம், விளைவு அப்படியல்ல. 18 மி.மீ. பருமனும் 25 செ.மீ. ஆழமும் உள்ள பார்ட்டிகிள் போர்டு தட்டு, 60 செ.மீ. நீளம் இருந்தால் 2 மி.மீ. கூடத் தொய்யாது. நீளத்தை 90 செ.மீ. ஆக்கினால் தொய்வு 5 மடங்காகி 8 மி.மீ. வரும். அது முதல் நாள் கணக்கு. சுமை நீங்காமல் இருந்தால் பலகை மெல்ல மெல்ல இன்னும் வளையும். சில்லுப் பலகையில் இது மரத்தைவிட அதிகம். ஓரிரு ஆண்டில் தொய்வு இரட்டிப்பானாலும் வியப்பில்லை. பலகையை 25 மி.மீ. ஆக்கினால் தொய்வு ஏறத்தாழ மூன்றில் ஒன்றாகக் குறையும். அதைவிட மலிவான வழி, நடுவில் ஒரு தாங்கு பலகை வைத்த அலமாரியைத் தேர்ந்தெடுப்பது.

ஐந்து நிமிட சுகம்

இருக்கையைச் சோதிக்கத்தான் கடையில் எல்லோரும் உட்கார்ந்து பார்க்கிறோம். ஆனால் என்னத்தைச் சோதிப்பது என்று யாரும் சொல்வதில்லை. முதுகு சாயும்வரை பின்னால் தள்ளி உட்கார வேண்டும். அப்போது பாதம் முழுதும் தரையில் பட வேண்டும். இருக்கையின் முன்விளிம்புக்கும் கெண்டைக்காலுக்கும் நடுவே இரண்டு மூன்று விரல் நுழைய வேண்டும். விளிம்பு முட்டியின் பின்புறத்தை அழுத்தினால் இருக்கை உங்களுக்கு ஆழம் அதிகம். அரை மணி நேரத்தில் கால் மரத்துப்போகும். மேலைநாட்டு உடலளவுக்கு வடிவமைத்த சோபாக்களில் உயரம் குறைந்தவர்களுக்கு இந்தத் தொல்லை அடிக்கடி வரும். இந்தியர்களின் உடலளவுகளைத் தொகுத்து அகமதாபாத்தின் தேசிய வடிவமைப்பு நிறுவனம் 1997-இல் ஒரு நூலே வெளியிட்டது. நம் அளவு வேறு என்பது வடிவமைப்பாளர்கள் அறிந்த விஷயம்தான். சோபாவில் சம்மணம் போட்டு உட்காரும் பழக்கம் உள்ளவர்கள் கைப்பிடிகளுக்கு இடையிலான அகலத்தையும் அளக்க வேண்டும்.

வீட்டில் மூட்டுவலிக்காரர் இருந்தால் இருக்கையின் உயரமே முதல் எண். இருக்கை தாழத் தாழ, எழும்போது முட்டி மேலும் மடங்கியிருக்கும். தொடைத் தசை தர வேண்டிய விசை கூடும். தாத்தா பாட்டி சிரமமில்லாமல் எழும் நாற்காலி ஒன்று வீட்டில் ஏற்கெனவே இருக்கும். அதன் உயரத்தை அளந்துகொண்டு போனால் அதுதான் அளவுகோல். மெத்தை உட்காரும்போது அமுங்கும் என்பதால், அமுங்கிய பிறகு உள்ள உயரத்தைத்தான் ஒப்பிட வேண்டும்.

மெத்தையின் ஆயுளைப் பற்றிக் கேட்டால் ‘32 டென்சிட்டி, 40 டென்சிட்டி’ என்பார்கள். பலர் இதைக் கடினத்தின் அளவு என்று நினைக்கிறார்கள். அது 1 கன மீட்டர் ஃபோமின் எடை, கிலோவில். கடினம் தனி, மென்மையான 40-ம் உண்டு, விறைப்பான 32-ம் உண்டு. அடர்த்தி சொல்வது ஆயுளை. அடர்த்தி கூடினால் ஒரே இடத்தில் பாலியுரிதேன் பொருள் அதிகம் இருக்கும். ஆயிரக்கணக்கான முறை அமுங்கி எழுந்தாலும் சீக்கிரம் பள்ளம் விழாது. இதை விற்பனையாளரின் வாய்வார்த்தையாக விட வேண்டியதில்லை. 60 செ.மீ.க்கு 60 செ.மீ., 12.5 செ.மீ. பருமன் உள்ள மெத்தையின் கன அளவு 0.045 கன மீட்டர். உறையைக் கழற்றி நிறுத்தால் 32 அடர்த்திக்கு 1.44 கிலோ, 40 அடர்த்திக்கு 1.8 கிலோ இருக்க வேண்டும். கொக்கியில் மாட்டி எடை பார்க்கும் சின்னக் கருவி ஒன்று போதும்.

நிறமும் கண்ணாடியும்

பட்டுப் புடவை எடுக்கும்போது அதைக் கடை வாசலுக்குக் கொண்டுவந்து பகல் வெளிச்சத்தில் பார்க்கிற வழக்கம் நம்மிடம் உண்டு. அதில் முழு அறிவியல் இருக்கிறது. ஒரு பொருளின் நிறம் அதற்கு மட்டும் சொந்தமல்ல; விளக்கு எந்த அலைநீளங்களைத் தருகிறது, பொருள் எவற்றைத் திருப்பி அனுப்புகிறது, கண் எவற்றை உணர்கிறது என்ற மூன்றும் சேர்ந்ததே நிறம். ஒரு விளக்கில் ஒரே நிறமாகத் தெரியும் இரண்டு துணிகள் வேறு விளக்கில் வேறு வேறாகத் தெரியலாம். சோபாத் துணிக்குப் பொருத்தமாக எடுத்த திரைச்சீலை வீட்டில் ஒட்டாமல் போவது இதனால்தான்.

ஷோரூம்களில் பெரும்பாலும் 3000 கெல்வின் அளவிலான மஞ்சள் கலந்த வெளிச்சம். அது மரத்தையும் சிவப்பையும் செழுமையாகக் காட்டும். நம் வீடுகளில் பெரும்பாலும் 6500 கெல்வின் ‘கூல் டேலைட்’ எல்இடி டியூப். அதே தேக்கு பாலிஷ் அங்கே சாம்பல் பூசியதுபோல் ஆகிவிடும். விளக்குப் பெட்டியில் போட்டிருக்கும் சிஆர்ஐ எண் இன்னொரு குறிப்பு. அது 8 வெளிர் நிறங்களை அந்த விளக்கு எவ்வளவு உண்மையாகக் காட்டுகிறது என்பதன் சராசரி. அடர்சிவப்பு அந்த எட்டில் இல்லை. சிஆர்ஐ 80 உள்ள விளக்கில் அரக்கு நிறம் சோபா சோபை இழப்பதற்கு இதுவும் காரணம். புடவையைக் கடை வாசலுக்குக் கொண்டுபோகலாம். சோபாவைத் தூக்கிக்கொண்டு போக முடியாது. துணியின் மாதிரித் துண்டைக் கேட்டு வாங்கி வந்து, பகலில் ஜன்னலோரத்திலும் இரவில் வீட்டு விளக்கிலும் பார்த்துவிட்டு ஆர்டர் கொடுப்பது நல்லது.

நிலைக்கண்ணாடி வாங்குவதிலும் ஒளியியல் காசை மிச்சப்படுத்தும். தலை முதல் கால்வரை பார்க்க ஆளுயரக் கண்ணாடி தேவையில்லை. ஆளின் உயரத்தில் பாதி போதும். எவ்வளவு தள்ளி நின்றாலும் இதில் மாற்றமில்லை. ஒளி விழும் கோணமும் திரும்பும் கோணமும் சமம் என்பதால், கண்ணுக்கும் பாதத்துக்கும் நடுப்புள்ளியில் கீழ்விளிம்பும், கண்ணுக்கும் உச்சந்தலைக்கும் நடுவில் மேல்விளிம்பும் இருந்தால் சரி. 120 செ.மீ. உயரக் குழந்தை முதல் 180 செ.மீ. உயர அப்பா வரை எல்லோரும் தங்களை முழுதாகப் பார்க்க, தரையிலிருந்து 55 செ.மீ. முதல் 175 செ.மீ. வரை வரும் 4 அடிக் கண்ணாடி போதும்.

எந்தத் தவறு மன்னிக்கும்?

இவ்வளவையும் சோதித்துத்தான் வாங்க வேண்டும் என்றால் யாருக்கும் நேரம் இருக்காது. எல்லாத் தவறும் ஒரே விலை அல்ல என்பதைப் புரிந்துகொண்டால் வரிசை தானாக அமைந்துவிடும். நிறம் சரியாகத் தெரியவில்லையா, சில நூறு ரூபாயில் விளக்கை மாற்றலாம். மெத்தை அமுங்கிவிட்டதா, ஃபோமை மட்டும் மாற்றலாம். தட்டு தொய்ந்தால் நடுவில் ஒரு தாங்கு கொடுக்கலாம். மழைக்கு இறுகும் மர டிராயரை ஆசாரி இழைத்துக் கொடுப்பார். ஆனால் படியில் திரும்பாத சோபாவைக் குறைக்க முடியாது. பாட்டியால் எழ முடியாத தாழ்ந்த இருக்கையை உயர்த்துவது எளிதல்ல. நீர் குடித்துத் தடித்த சில்லுப் பலகையை எந்த ஆசாரியாலும் பழைய நிலைக்குக் கொண்டுவர முடியாது.

திருத்த முடியாதவற்றில் முதல் கவனம்: அளவு, இருக்கை உயரம், பலகையின் ரகம். இந்த மூன்றையும் வீட்டில் உட்கார்ந்தே முடிவு செய்துகொண்டு போனால் கடையில் கண்ணில் படும் பாதிப் பொருட்கள் தாமாகவே விலகிவிடும். மீதியில் நிறத்தையும் டிசைனையும் ஆற அமரத் தேர்ந்தெடுக்கலாம். அதற்குப் பிறகு விலைப் பட்டியலைப் பார்த்தால், எந்தத் தள்ளுபடி உண்மையிலேயே தள்ளுபடி என்பதும் தெரியும்.